அலுமினியமா, ஸ்டீலா: அவுட்போர்டு எஞ்சினுக்குச் சரியான புரொப்பல்லரைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

அவுட்போர்டு எஞ்சின் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வந்துவிடும். ஸ்டீல் போட்டால் வேகம் கூடும் என்பார் ஒருவர். பாறையில் பட்டால் கியர்பாக்ஸே போய்விடும், அலுமினியமே நல்லது என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் படகு எந்தத் தரையின் மேல் ஓடுகிறது, எஞ்சின் எத்தனை குதிரைத்திறன், முழு வேகத்தில் எத்தனை ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) காட்டுகிறது என்று இரண்டு பேருமே கேட்டிருக்க மாட்டார்கள். இந்த மூன்றும் தெரியாமல் உலோகத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் அளவு) தப்பான ஸ்டீல் புரொப்பல்லரைவிட, பிட்ச் சரியான அலுமினியப் புரொப்பல்லர் எப்போதும் நன்றாக ஓடும். அதனால் இந்த வழிகாட்டியில் முதலில் அளவு, அப்புறம் கடலடித் தரை, அதற்கும் பிறகுதான் உலோகம். பின்னால் அவுட்போர்டு மாட்டிய ஃபைபர் படகு வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்: மீன்பிடிப் படகு, சுற்றுலாப் படகு, டைவிங் படகு எதுவானாலும் சரி. விசைப்படகுகளின் உள் எஞ்சினுக்கு வரும் பெரிய புரொப்பல்லர் பெரும்பாலும் வெண்கல வகை. அது தனிக் கணக்கு, இங்கே அதைத் தொடவில்லை.

1. இப்போது மாட்டியிருப்பதைப் படியுங்கள்

புரொப்பல்லரின் நடுத்தண்டிலோ, இறக்கையின் அடியிலோ எண்கள் பொறித்திருக்கும். 13 × 19 என்று இருந்தால் முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச். இரண்டும் அங்குலத்தில். விட்டம் என்பது இறக்கை நுனிகள் சுற்றும் வட்டத்தின் அகலம். பிட்ச் என்பது புரொப்பல்லர் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்ற கணக்கு. மரத்தில் திருகாணி ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்குமோ அதுபோலத்தான். தண்ணீர் மரம் இல்லை என்பதால் கணக்கில் உள்ள தூரம் முழுதாகக் கிடைக்காது; கொஞ்சம் வழுக்கும்.

யமஹா புரொப்பல்லர்களில் எண்களுக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். அது எந்தக் கியர்பாக்ஸ் வரிசைக்குப் பொருந்தும் என்பதைச் சொல்லும். எண் ஒத்துப்போய் எழுத்து வேறாக இருந்தால் அந்த எஞ்சினுக்கு அது பொருந்தாது. எண்ணை மட்டும் போனில் சொல்லி வாங்கிவிட்டு அப்புறம் அலைபவர்கள் நிறைய. பொறித்த இடத்தை அப்படியே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண் தேய்ந்து போயிருந்தால் எஞ்சின் மாடல் எண்ணைக் கொண்டு போனால் போதும்.

2. ஆர்.பி.எம். பாருங்கள்

வேலையே இங்கேதான் இருக்கிறது. நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் முழுத் த்ராட்டிலில் எந்த ஆர்.பி.எம். வரம்பில் ஓட வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும். இன்றைய நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றுக்கு 5000 முதல் 6000 வரை. ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பலவற்றுக்கு அதைவிடக் குறைவு. 4500 முதல் 5500 வரை என்பது சாதாரணம். உங்கள் எஞ்சினின் எண்ணைக் கையேட்டில் பார்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் படகுக்காரர் சொல்லும் எண் அவர் எஞ்சினுக்கானது.

டில்லர் பிடித்து ஓட்டும் சின்ன எஞ்சின்களில் ஆர்.பி.எம். மீட்டர் இருக்காது. ஸ்பார்க் பிளக் வயரில் ஒரு கம்பியைச் சுற்றிவிட்டாலே எண் காட்டும் சின்ன மீட்டர்கள் கிடைக்கின்றன. விலையும் அதிகமில்லை. புரொப்பல்லர் வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள். காதால் கேட்டு ஆர்.பி.எம். சொல்வதை நம்பிப் பணம் போட வேண்டாம்.

சோதனையை வழக்கமான சுமையோடு செய்யுங்கள். வெறும் படகை ஓட்டிப் பார்த்தால் கிடைக்கும் எண் ஏமாற்றும். மீன்பிடிப் படகு என்றால் வலை, ஐஸ், எண்ணெய், ஆட்கள் எல்லாம் ஏறியிருக்க வேண்டும். சுற்றுலாப் படகு என்றால் அனுமதித்த அளவு ஆட்கள் அல்லது அதற்கு ஈடான எடை. அலை குறைந்த காலை நேரத்தில், அடிப்பகுதியில் கொட்டலசு ஒட்டாத படகில் ஓட்டுங்கள். ஒரு திசையில் ஒரு முறை, எதிர்த்திசையில் ஒரு முறை. நீரோட்டமும் காற்றும் ஒரு பக்கம் கொடுத்ததை மறுபக்கம் எடுத்துக்கொள்ளும். இரண்டின் சராசரியை எழுதுங்கள்: ஆர்.பி.எம்., ஜி.பி.எஸ். காட்டும் வேகம்.

வரம்புக்குக் கீழே நின்றால் பிட்ச் அதிகம். எஞ்சின் திணறுகிறது. இப்படியே ஓட்டினால் சூடு ஏறும், கரி படியும், பிஸ்டனுக்குக் கெடுதல். வரம்பைத் தாண்டினால் பிட்ச் குறைவு. எஞ்சின் கூச்சலிடும், படகு அந்த அளவுக்கு நகராது. பொதுவாக ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 ஆர்.பி.எம். வரை ஏறும், ஓர் அங்குலம் கூட்டினால் அதே அளவு இறங்கும்.

ஓர் உதாரணம். வரம்பு 5000–6000. இப்போதுள்ள 14 பிட்ச் புரொப்பல்லரில் முழுச் சுமையோடு 4800தான் வருகிறது. 11 பிட்ச் போட்டால் 450 முதல் 600 வரை ஏறி 5250–5400க்கு வரும். இதுதான் நல்ல இடம். சுமை குறைந்த நாளில் இன்னும் கொஞ்சம் ஏறினாலும் 6000ஐத் தாண்டாது.

எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுகிறதென்றால் பெட்ரோலில் வரும் வலு வராது. எந்த எரிபொருளில் நாள் முழுக்க ஓட்டுகிறீர்களோ அதிலேயே சோதியுங்கள். பெட்ரோலில் பார்த்து வாங்கிய பிட்ச் மண்ணெண்ணெயில் பாரமாகிவிடும்.

வழுக்கலையும் கணக்கிட்டுப் பாருங்கள், எளிதுதான். ஆர்.பி.எம்.மைப் பிட்சால் பெருக்குங்கள். அதைக் கியர் விகிதத்தால் (புரொப்பல்லர் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண்) வகுங்கள். வந்ததை 1215ஆல் வகுத்தால் வழுக்கலே இல்லாதபோது வர வேண்டிய வேகம் நாட்டிக்கல் கணக்கில் கிடைக்கும். கிலோமீட்டரில் வேண்டுமென்றால் 1215க்குப் பதில் 656. எஞ்சின் 5400, பிட்ச் 12, கியர் விகிதம் 2 என்றால் வர வேண்டியது ஏறத்தாழ 26.7 நாட். ஜி.பி.எஸ். 22 காட்டினால் வழுக்கல் 17 சதவீதம் சொச்சம். தண்ணீர் மேல் எழும்பி ஓடும் படகுக்கு 10 முதல் 20 சதவீதம் சாதாரணம். சுமை ஏறி மெதுவாகப் போகும் படகுக்கு இன்னும் கூடும். எழும்பி ஓடும் படகிலேயே 30ஐத் தாண்டுகிறதென்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது: எஞ்சின் உயரம் தப்பாக இருக்கலாம், இறக்கை வளைந்திருக்கலாம், நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் கழன்று சுற்றலாம். அதைச் சரிசெய்யாமல் ஸ்டீல் வாங்கினால் பணம் தண்ணீரில்தான்.

எஞ்சின் உயரத்தைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. புரொப்பல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கும். எஞ்சினை நேராக இறக்கிவிட்டுப் பார்த்தால் அந்தத் தகடு படகின் அடிப்பகுதிக்குச் சமமாகவோ, ஓர் அங்குலம் வரை மேலாகவோ இருக்க வேண்டும். அதற்கும் மேலே போனால் புரொப்பல்லர் மேற்பரப்புக் காற்றை உள்ளிழுத்துக்கொண்டு வெறுமனே சுற்றும். ரொம்பக் கீழே போனால் தண்ணீரை இழுத்து வேகத்தைக் கொல்லும்.

3. இரண்டு உலோகமும் உண்மையில் என்ன செய்கின்றன

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அலுமினியத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானது. எடையும் கன அளவுக்குக் கன அளவு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இந்த இரண்டிலிருந்து வருபவைதான்.

விறைப்பாக இருப்பதால் ஸ்டீல் இறக்கையை மெல்லியதாக வார்க்கலாம். மெல்லிய இறக்கை தண்ணீரைக் குறைந்த தடையோடு வெட்டும். அதோடு, முழு வலுவில் இழுக்கும்போது அலுமினிய இறக்கையின் நுனி கொஞ்சம் வளையும். வளைந்தால் அந்த நேரத்துக்குப் பிட்சே மாறிவிடுகிறது. ஸ்டீலில் இந்த வளைவு மிகக் குறைவு. இறக்கையின் பின்விளிம்பில் சின்னதாக ஒரு மடிப்பு வைப்பார்கள், கப் என்று சொல்வார்கள். திரும்பும்போதும் அலையில் எழும்பும்போதும் அது தண்ணீரை நழுவவிடாமல் பிடிக்கும். ஸ்டீலில் இந்த மடிப்பைக் கூர்மையாக வைக்க முடியும், அது நெடுநாள் நிற்கவும் செய்யும்.

ஆனால் இந்த லாபம் எஞ்சின் வலுவைப் பொறுத்தது. 9.9 குதிரைத்திறன் எஞ்சின் அலுமினிய இறக்கையை வளைக்கும் அளவுக்குத் தள்ளுவதே இல்லை. சுமை ஏறி, எழும்பாமல், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகிலும் ஸ்டீல் காட்டும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 90, 115, 150 குதிரைத்திறனில் தினமும் எழும்பி ஓடும் படகில்தான் அது தெளிவாகத் தெரியும்: திருப்பத்தில் பிடி விடாது, எழும்புவது சீக்கிரம், வேகம் கொஞ்சம் கூடும். கொஞ்சம்தான். இருபது நாட் படகு முப்பது நாட் படகாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எடைக்கும் ஒரு விலை உண்டு. கியர் போடும்போது கனமான புரொப்பல்லரைத் திடீரெனச் சுழற்ற வேண்டியிருப்பதால் 'டங்' என்று ஓர் அடி விழும். கியரின் பல்லில் அது நாளடைவில் தேய்மானம். ஒரு நாளைக்கு நாற்பது முறை ஜெட்டியில் (படகுத்துறையில்) முன்னும் பின்னும் கியர் மாற்றுகிற சுற்றுலாப் படகுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். பெரிய எஞ்சின்களுக்கு இந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் புஷ் அமைப்போடு ஸ்டீல் புரொப்பல்லர்கள் வருகின்றன. வாங்கினால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. ஒரே எண் பொறித்த அலுமினியமும் ஸ்டீலும் ஒரே ஆர்.பி.எம். தராது. ஸ்டீலில் கப் அதிகம் என்பதால் பெரும்பாலும் ஆர்.பி.எம். இறங்கும். அதனால் ஸ்டீலுக்கு மாறும்போது பிட்சை ஓர் அங்குலம் குறைத்துத் தொடங்குவது பல படகுகளுக்குச் சரியாக வரும். கீறல் விழாமல் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தால் கடைக்காரர் மாற்றித் தருவாரா என்று முன்பே பேசிவிடுங்கள்.

4. உங்கள் கடலடித் தரை எது

இந்தக் கேள்விக்கான பதில்தான் பெரும்பாலும் முடிவைச் செய்துவிடுகிறது. இதை யாரும் கடையில் கேட்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பாறையும் பாரும் உள்ள இடம் முதலில். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பார்கள். நீர் இறங்கும் நேரத்தில் பாரின் தலை எங்கே இருக்கிறது என்று பழகியவருக்கே சில நாள் தப்பும். இங்கே அலுமினியம் பட்டால் இறக்கை வளையும், நுனி உடையும். அடியின் வலுவில் பெரும்பகுதி அந்த வளைவிலேயே தீர்ந்துபோகும். மீதி இறக்கைகளை வைத்துக்கொண்டு மெதுவாகக் கரை சேரலாம். ஸ்டீல் எளிதில் வளையாது. அடியை நடுத்தண்டுக்கும் புரொப்பல்லர் தண்டுக்கும் கியருக்கும் அனுப்பிவிடும்.

இதற்காகத்தானே ரப்பர் புஷ் இருக்கிறது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. புரொப்பல்லரின் வெளிக்கூட்டுக்கும் தண்டுக்கும் நடுவே ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஒரு புஷ் இருக்கிறது. பெரிய அடி விழுந்தால் அது வழுக்கியோ உடைந்தோ கியரைக் காப்பாற்றும். அதனால் 'ஸ்டீல் போட்டால் கியர்பாக்ஸ் போச்சு' என்பது மிகை. ஆனால் புஷ் சுழற்சி விசைக்குத்தான் விட்டுக்கொடுக்கும். இறக்கையின் நுனியில் பக்கவாட்டில் விழும் அடி தண்டை வளைக்கலாம், அதைப் புஷ் தடுக்காது. லோயர் யூனிட்டின் (கியர்பாக்ஸும் தண்டும் உள்ள கீழ்ப்பகுதி) விலையைப் புரொப்பல்லர் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பார் உள்ள இடத்தில் அலுமினியம்தான் என் முடிவு, எத்தனை குதிரைத்திறன் ஆனாலும்.

மணல் தரை வேறு கதை. முகத்துவாரத்தில் மணல் திட்டைத் தாண்டுகிற படகு, கரையலையில் ஏறி இறங்குகிற படகு, கரையில் இழுத்துப் போடுகிற படகு: இவற்றின் புரொப்பல்லர் தினமும் மணல் கலந்த தண்ணீரில் சுற்றுகிறது. முன்விளிம்பில் உள்ள பெயிண்ட் முதலில் போகும். அப்புறம் விளிம்பு மழுங்கி, விரலால் தடவினால் ரம்பம்போலச் சொரசொரக்கும். கண்ணுக்கு அது பெரிய சேதமாகத் தெரியாது. ஆனால் அந்தச் சொரசொரப்பின் பின்னால் அழுத்தம் குறைந்து தண்ணீர் நுண்குமிழிகளாகக் கொதிக்கும். குமிழி உடையும் இடத்தில் உலோகம் அரிக்கும். இறக்கையின் முகத்தில் சின்னச் சின்னப் பொத்தலாக ஒரு திட்டு தெரிந்தால் அது இந்த வேலைதான். மணலுக்கு ஸ்டீல் நன்றாகத் தாங்கும். பாறையே இல்லாத மணல் கரையில், 40 குதிரைத்திறனுக்கு மேல், வருடம் முழுக்க ஓடும் படகு என்றால் ஸ்டீலுக்குப் போடும் பணம் திரும்பி வரும்.

சேறும் கடற்புல்லும் உள்ள இடத்தில் உலோகம் முக்கியமில்லை. பாக் நீரிணையின் கரையோரம் ஆழம் குறைவு, புல் அதிகம். எதைப் போட்டாலும் புல் சுற்றும். எஞ்சினைத் தூக்கி மெதுவாகப் போக வேண்டிய இடம் அது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு 2022இல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. அந்தப் புல்தான் கடற்பசுவின் சாப்பாடு. புரொப்பல்லர் கீறிப் போன புல் பாதை மறுபடி மூட வருடக்கணக்காகும். தயவுசெய்து அங்கே வேகம் வேண்டாம்.

வலைக்கயிறு, தங்கூஸ் நரம்பு இரண்டும் எல்லாக் கரையிலும் உண்டு. ஸ்டீல் இறக்கையின் விளிம்பு கத்திபோலக் கூர்மை. கழற்றும்போது கையை வெட்டும். எஞ்சினை நிறுத்தி, கில் ஸ்விட்ச் (எஞ்சினை உடனே அணைக்கும் ஸ்விட்ச்) கயிற்றை உருவிக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் புரொப்பல்லரில் கை வைக்க வேண்டும். அலுமினியத்துக்கும் இதே விதிதான்.

5. முடிவெடுங்கள்

25 குதிரைத்திறன் வரை: அலுமினியம். யோசிக்கவே வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் அதே அளவில் இன்னொரு அலுமினியப் புரொப்பல்லர் வாங்கிப் படகில் வையுங்கள்.

40 முதல் 60 வரை: வழக்கமாக அலுமினியம். மணல் கரை, பாறை இல்லை, தினசரி ஓட்டம் என்ற மூன்றும் சேர்ந்தால் மட்டும் ஸ்டீல்.

90க்கு மேல், ஆழமான ஜெட்டியிலிருந்து கிளம்பி, பெரும்பாலும் எழும்பி ஓடும் படகு: ஸ்டீல். 150ஐத் தாண்டினால் அலுமினியம் வளைவதில் போகும் வலு அதிகம். அங்கே அலுமினியத்தை மாற்றாக மட்டும் வைத்திருங்கள்.

பார் உள்ள தண்ணீர்: மேலே சொன்னபடி அலுமினியம்.

ஸ்டீல் விலை அலுமினியத்தைப்போலப் பல மடங்கு. 'வருடத்துக்கு ரெண்டு அலுமினியம் உடைகிறது, அதனால் ஸ்டீல் வாங்குகிறேன்' என்பவரிடம் ஒன்று கேளுங்கள்: எதில் பட்டு உடைகிறது? மிதக்கும் கட்டை, மணல் என்றால் சரி, வாங்கட்டும். பாறை என்றால் அவர் உடைவதைப் புரொப்பல்லரிலிருந்து கியர்பாக்ஸுக்கு மாற்றப் போகிறார். அவருக்கு வேண்டியது வேறு பாதை.

பழுது பார்ப்பதிலும் வித்தியாசம் உண்டு. லேசாக வளைந்த அலுமினிய இறக்கையைத் தட்டி நிமிர்த்தலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் உலோகம் பலவீனமாகும், ரெண்டு மூன்று முறைக்கு மேல் நம்ப முடியாது. ஸ்டீலை வெல்டிங் வைத்து, தேய்த்து, கிட்டத்தட்ட புதிதுபோல ஆக்க முடியும். ஆனால் பிட்ச் அளவு பார்த்துச் செய்யும் பட்டறை வேண்டும். அப்படி ஒரு பட்டறை உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். இல்லையென்றால் ஸ்டீலின் இந்த நன்மையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்று இறக்கையா, நாலா என்ற கேள்வியும் வரும். நாலு இறக்கை சுமையைச் சீக்கிரம் எழுப்பும், அதிர்வு குறைவு, உச்ச வேகம் கொஞ்சம் குறையும். சுமையோடு அலையில் ஓடும் படகுக்கு அது நல்லது. அவ்வளவுதான், அதற்குமேல் அதில் குழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை.

6. மாட்டும் முறை

எஞ்சினை நிறுத்தி, கில் ஸ்விட்ச் கயிற்றை உருவி, கியரை நியூட்ரலில் வையுங்கள். நட்டு கழலாமல் பூட்டியிருக்கும் காட்டர் பின்னை எடுங்கள். இறக்கைக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைச் செருகினால் புரொப்பல்லர் சுற்றாது, நட்டைக் கழற்றுங்கள். புரொப்பல்லரை இழுத்து எடுத்ததும் உள்ளே ஒரு கனமான வாஷர் இருக்கும். அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கவனித்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டால் புரொப்பல்லர் கியர்பாக்ஸ் கூட்டில் உரசும்.

அந்த வாஷருக்குப் பின்னால் பாருங்கள். தங்கூஸ் நரம்பு சுருண்டு கிடக்கும், பல சமயம் முடிக்கற்றைபோல இறுகிப்போய். அது ஆயில் சீலை வெட்டிவிடும். சீல் போனால் கியர் ஆயிலில் தண்ணீர் புகும். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் புரொப்பல்லரை மறந்துவிட்டு முதலில் சீலை மாற்றுங்கள்.

தண்டின் பல்வரியைத் துடைத்து, கடல்நீர் தாங்கும் கிரீஸை நன்றாகத் தடவுங்கள். இதை விட்டால் ஆறு மாதத்தில் புஷ் தண்டோடு பிடித்துக்கொள்ளும். சுத்தியல் இல்லாமல் கழற்ற முடியாது. பிறகு வாஷர், புரொப்பல்லர், வெளி வாஷர், நட்டு. கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கி, புதுக் காட்டர் பின் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போட வேண்டாம்.

7. ஸ்டீல் போட்டால் ஆனோடு மேல் கண் வையுங்கள்

உப்புத் தண்ணீரில் ஸ்டீலும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கும். உங்கள் எஞ்சினின் கியர்பாக்ஸ் கூடு அலுமினியம். அதற்குப் பதில் தன்னைக் கொடுப்பதற்காகத்தான் கூட்டில் ஆனோடு கட்டிகள் பொருத்தியிருக்கின்றன. ஸ்டீல் புரொப்பல்லர் வந்ததும் அவை வேகமாகக் கரையும். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். கடலுக்குத் துத்தநாகம் அல்லது அலுமினிய ஆனோடு. மக்னீசியம் நன்னீருக்கானது, கடலில் அது சீக்கிரம் கரைந்துபோகும். ஆனோடு மேல் பெயிண்ட் அடித்தால் அது வேலை செய்யாது. கூட்டில் பெயிண்ட் உரிந்த இடம் எல்லாம் அரிப்பு தொடங்கும் இடம், தேய்த்துப் பெயிண்ட் வையுங்கள். செம்பு கலந்த அடிப்பாகப் பெயிண்டை மட்டும் கியர்பாக்ஸிலோ அலுமினியப் புரொப்பல்லரிலோ பூசிவிடாதீர்கள், அலுமினியத்தை அது தின்றுவிடும்.

படகை நிறுத்தும்போது முடிந்தவரை எஞ்சினைத் தண்ணீருக்கு மேல் தூக்கி வையுங்கள். அரிப்பும் குறையும், கொட்டலசும் ஒட்டாது.

8. முதல் ஓட்டமும் அதற்குப் பிறகும்

மாட்டியதும் நட்டுப் பக்கத்திலிருந்து பார்த்து, புஷ்ஷின் உள் உலோகத்தின் மேலும் வெளிக்கூட்டின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரே நேர்கோடாகப் பெயிண்ட் கோடு ஒன்று போடுங்கள். என்றாவது எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை, மெதுவாக ஓட்டினால் மட்டும் போகிறது என்று வந்தால் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் புஷ் வழுக்கிவிட்டது. விலகாமல் இருந்தால் கோளாறை வேறு இடத்தில் தேடலாம்.

முதல் ஓட்டம் முடிந்ததும் நட்டு இறுக்கத்தைச் சரிபாருங்கள். அப்புறம் இரண்டாவது படியில் செய்த சோதனையை அப்படியே, அதே சுமையோடு, திரும்பச் செய்து ஆர்.பி.எம்., வேகம் இரண்டையும் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். வரம்புக்குள் வரவில்லை என்றால் பிட்சை மாற்றிக் கேளுங்கள். 'ஓட ஓடச் சரியாகும்' என்று எதுவும் கிடையாது.

எதிலாவது பட்டால் இறக்கையை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். கரையில் எஞ்சினைத் தூக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, கூட்டோடு ஒரு குச்சியை அசையாமல் பிடித்து, அதன் முனை புரொப்பல்லர் தண்டின் நுனியைத் தொடுவதுபோல் வைத்து, கையால் சுற்றுங்கள். சுற்றும்போது இடைவெளி கூடிக் குறைந்தால் தண்டு வளைந்திருக்கிறது. அதே குச்சியை இறக்கை நுனிக்குக் கொண்டுபோய் ஒவ்வோர் இறக்கையும் ஒரே இடத்தில் கடக்கிறதா என்றும் பாருங்கள். வளைந்த தண்டோடு ஓட்டினால் சில நாளில் சீலும் பேரிங்கும் சேர்ந்து போகும்.

ஸ்டீல் போட்டவரும் அலுமினியம் போட்டவரும் படகில் ஒரு பையை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும்: மாற்று அலுமினியப் புரொப்பல்லர் ஒன்று, நட்டு, இரண்டு வாஷர்களும், நாலைந்து காட்டர் பின், நட்டுக்குச் சரியான ஸ்பேனர், கட்டிங் பிளேயர், சின்ன டப்பா கிரீஸ், ஒரு மரக்கட்டை. நட்டும் வாஷரும் கடலில் கை தவறி விழக்கூடியவை, அதனால்தான் அவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன். கரையில் இருக்கும்போதே ஒரு முறை அந்தப் பையில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு புரொப்பல்லரை மாற்றிப் பாருங்கள். ஸ்பேனர் அளவு தப்பாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.